பார், பார்த்துக்கொள், எட்டிப் பார்: 'லுக்' என்ற வினை கைவசமாக ஒரு வழி

ஆங்கிலம் பேசப் பழகிக்கொண்டிருந்த ஒருவர், தனக்கு ஒரு நேர்காணலில் நடந்ததை என்னிடம் சொன்னார். இரண்டு வருடம் வேலைக்குப் போகாமல் இருந்தது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். உடம்புக்கு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மையான பதில். அவர் சொன்னது, 'ஐ வாஸ் லுக்கிங் மை மதர்'. எதிரே இருந்தவர் புரியாமல் 'லுக்கிங் ஃபார்?' என்று கேட்க, இவரும் ஆமாம் என்று தலையசைத்துவிட்டார். இரண்டு வருடமாக அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தமாகிவிட்டது. அவருக்கு 'லுக்' தெரியும், 'மதர்' தெரியும். நடுவில் நிற்கவேண்டிய 'ஆஃப்டர்' மட்டும் வரவில்லை.

இந்தச் சின்னச் சொற்களைத்தான் பிரிப்பொசிஷன் என்கிறோம். பள்ளியில் இவற்றைப் பட்டியலாகப் படித்திருப்போம். இடப்பக்கம் 'லுக் அட்', 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' என்று இருக்கும். வலப்பக்கம் அதற்கான தமிழ்ப் பொருள். தேர்வுவரை நினைவில் நிற்கும், பேசும்போது ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துவிடும். பட்டியலை இன்னும் பத்து முறை படித்தாலும் இது சரியாகாது என்பது என் கருத்து. ஏனென்றால் இதே வேலையை நாம் தமிழில் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். பார் என்ற ஒரே வினையை எடுத்து பார்த்துக்கொள், பார்த்துவிடு, எட்டிப் பார், எதிர்பார், வேடிக்கை பார், மேற்பார்வை பார் என்று எத்தனையாக மாற்றுகிறோம்! பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 'கொள்' வந்து சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது என்று காதுக்கே தெரியும். தமிழ் துணைவினையையும் முன்னொட்டையும் சேர்த்துச் செய்வதை ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை வைத்துச் செய்கிறது. அதனால் நாம் நினைப்பது எந்தப் 'பார்' என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு குறிப்பு. இங்கே ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், எழுத்துக்கூட்டும் கூடவே பழகும்.

எந்தப் 'பார்'?

தமிழ் 'பார்' பெரிய வினை. ஆங்கிலத்தில் 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்ற மூன்று செய்யும் வேலையை அது ஒன்றே செய்கிறது. தானாகக் கண்ணில் படுவது 'சீ'. வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவது 'லுக்'. நகர்கிற, மாறுகிற, நடந்துகொண்டிருக்கிற ஒன்றை நின்று தொடர்ந்து பார்ப்பது 'வாட்ச்'. வழியில் பாம்பைப் பார்த்தேன் என்றால் 'ஐ சா அ ஸ்னேக்'. அதைப் பார்க்கவேண்டும் என்று நீங்கள் போகவில்லை, அது கண்ணில் பட்டது. இந்தப் படத்தைப் பார் என்று கையை நீட்டினால் 'லுக்'. கிரிக்கெட் பார்த்தேன் என்றால் 'வாட்ச்'.

இந்த மூன்றில் முதல் இரண்டைப் பிரித்துக்காட்ட ஒரு வாக்கியம் போதும்: 'ஐ லுக்ட், பட் ஐ டிட்ன்ட் சீ எனிதிங்'. பார்த்தேன், ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை. தமிழில் இரண்டு இடத்திலும் பார் என்றே சொல்லலாம் என்பதால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது.

அப்புறம், கண்ணோடு சம்பந்தமே இல்லாத 'பார்'களும் நம்மிடம் உண்டு. டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால் சந்திப்பது, அது 'சீ'. சட்டையைப் போட்டுப் பார் என்றால் 'ட்ரை இட் ஆன்'. உப்பு சரியாக இருக்கிறதா பார் என்றால் 'டேஸ்ட்' அல்லது 'செக்'. வேலை பார்க்கிறேன் என்றால் 'ஐ வொர்க்'. இவற்றையெல்லாம் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் 'லுக்'குக்கு உரியது.

'அட்': நம்முடைய 'ஐ' செய்கிற வேலை

படத்தைப் பார், என்னைப் பார் என்கிறோம். படம், நான் என்பவற்றோடு 'ஐ' உருபு சேர்ந்து வினையோடு பிணைந்துவிடுகிறது. ஆங்கில 'லுக்' அப்படி ஒரு பொருளை நேராகப் பிடிக்காது. நம் இலக்கணப்படி சொன்னால் அது செயப்படுபொருள் குன்றிய வினை. தூங்கு, நட என்பவை எப்படித் தனியாக நிற்கின்றனவோ அப்படி. பொருளை அதில் மாட்ட ஒரு கொக்கி வேண்டும், அந்தக் கொக்கிதான் 'அட்'. 'சீ இட்' சரி, 'வாட்ச் இட்' சரி, ஆனால் 'லுக் இட்' என்பது ஆங்கிலமே இல்லை. 'லுக் அட் இட்' என்றுதான் சொல்லவேண்டும்.

பொருள் எதுவும் பின்னால் வராவிட்டால் கொக்கிக்கு வேலை இல்லை. 'லுக்! இட்ஸ் ரெயினிங்' என்று நிறுத்திவிடலாம். 'ஹியர்', 'தேர்' வந்தாலும் 'அட்' வராது. இங்கே, அங்கே என்பதற்குள்ளேயே இடம் அடங்கிவிட்டது. 'லுக் ஹியர்', 'லுக் ஓவர் தேர்', அவ்வளவுதான்.

நம்மில் பலர் தவறுவது கேள்வியில். என்ன பார்க்கிறாய் என்பதை 'வாட் ஆர் யூ லுக்கிங்?' என்று கேட்டுவிடுகிறோம். 'வாட்' என்பது வாக்கியத்தின் தலைக்குப் போனாலும் கொக்கி கடைசியில் தனியாக நின்றாகவேண்டும்: 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' தமிழ்க் காதுக்கு இது முடியாத வாக்கியம்போல் ஒலிக்கும். ஆங்கிலத்தில் இதுதான் முழு வாக்கியம். 'அட்' மட்டுமல்ல, கீழே வரும் 'ஃபார்', 'ஆஃப்டர்' எல்லாவற்றுக்கும் இதே விதி.

இதில் ஒலிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வாக்கியத்தின் நடுவில் வரும்போது 'அட்' மிகவும் மங்கலாகத்தான் ஒலிக்கும். வாயை அதிகம் திறக்காமல் ஒரு சின்ன 'அ', அதன்பிறகு 'ட்'. 'லுக்கட்மீ' என்று மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். கேட்கும்போது அது நம் காதில் விழுவதே இல்லை, அதனால் பேசும்போதும் விட்டுவிடுகிறோம். கேள்வியின் கடைசியில் வரும்போது மட்டும் அந்த உயிரொலி முழுதாக, 'ஆ'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில், தெளிவாகக் கேட்கும். ஆங்கிலச் செய்தியோ நாடகமோ கேட்கும்போது இந்த மங்கிய 'அட்'டைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். இரண்டு நாளில் காது பழகிவிடும். காது பழகினால் வாயும் பழகும்.

'ஃபார்': இன்னும் கிடைக்காதது

'லுக் அட்' சொல்லும்போது பொருள் கண்முன்னால் இருக்கிறது. 'லுக் ஃபார்' சொல்லும்போது அது இல்லை, கண் அதற்காக அலைகிறது. 'ஃபார்' என்பது நம் 'ஆக' என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்காக இங்கும் அங்கும் பார்ப்பது, அதாவது தேடுவது. 'ஐ ஆம் லுக்கிங் அட் மை கீஸ்' என்றால் சாவி மேசைமேல் இருக்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார் மை கீஸ்' என்றால் சாவி கிடைக்கவில்லை.

இங்கே தமிழே நம்மைத் தடுமாற வைக்கும் ஓர் இடம் உண்டு. வீடு பார்க்கிறோம் என்றால் வாடகைக்கோ வாங்கவோ வீடு தேடுகிறோம் என்றே பெரும்பாலும் பொருள், எனவே 'வீ ஆர் லுக்கிங் ஃபார் அ ஹவுஸ்'. வேலை பார்க்கிறேன் என்றால் ஏற்கெனவே வேலையில் இருக்கிறேன் என்று பொருள். வேலை தேடுகிறேன் என்றால்தான் 'ஐ ஆம் லுக்கிங் ஃபார் அ ஜாப்'. ஒரே 'பார்க்கிறேன்' வீட்டோடு சேர்ந்தால் தேடல், வேலையோடு சேர்ந்தால் செய்தல். சொல்லுக்குச் சொல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தேடுவது ஒன்று, கிடைப்பது வேறு. 'லுக் ஃபார்' தேடும் நேரம் முழுவதையும் சொல்லும், 'ஃபைண்ட்' கையில் கிடைக்கும் அந்த நொடியைச் சொல்லும். 'ஐ லுக்ட் ஃபார் இட் ஃபார் அன் அவர் அண்ட் ஃபவுண்ட் இட் அண்டர் த பெட்'. ஒரு மணி நேரம் தேடிக் கட்டிலுக்கு அடியில் எடுத்தேன். 'சர்ச்' என்ற வினையிலும் 'ஃபார்' இதே வேலையைச் செய்கிறது. 'சர்ச் த பேக்' என்றால் பைக்குள் துழாவிச் சோதிப்பது, 'சர்ச் ஃபார் த பேக்' என்றால் காணாமல்போன பையைத் தேடுவது.

'ஆஃப்டர்': பார்த்துக்கொள்வது

நேர்காணலில் தவறிப்போன சொல் இதுதான். 'ஆஃப்டர்' என்றால் பின்னால். முன்னால் ஒரு குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது, உங்கள் கண் அதன் பின்னாலேயே போகிறது. இந்தக் காட்சியை மனதில் பதித்துக்கொண்டால் 'லுக் ஆஃப்டர்' மறக்காது. தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்துவது பார்த்துக்கொள். குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க என்பது 'குட் யூ லுக் ஆஃப்டர் த பேபி?' பையைப் பார்த்துக்கோங்க என்பது 'குட் யூ லுக் ஆஃப்டர் மை பேக்?' உடம்பைப் பார்த்துக்கோ என்று விடைகொடுப்பது 'லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்'. ஆளுக்கும் செடிக்கும் பொருளுக்கும் இது ஒன்றே போதும்.

பார்த்துக்கொண்டேன், பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற இரண்டையும் பிரித்து வையுங்கள். முதலாவதில் 'கொள்' பொறுப்பைக் காட்டுகிறது. இரண்டாவதில் 'கொண்டிரு' பெரும்பாலும் செயல் தொடர்வதை மட்டும் காட்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் 'ஐ வாஸ் லுக்கிங் அட் த ஸ்கை'. அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்றால் 'ஐ லுக்ட் ஆஃப்டர் மை மதர்'. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் தமிழிலேயே இரண்டு பொருளும் வரலாம். அங்கே பொறுப்பா, வெறும் பார்வையா என்று உங்களையே ஒருமுறை கேட்டுவிட்டுச் சின்னச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வேலையைச் சுட்டி, கவலைப்படாதே, நான் பார்த்துக்கிறேன் என்று சொல்வோமே, அதற்கு 'ஐ வில் டேக் கேர் ஆஃப் இட்' என்பது இன்னும் இயல்பாக இருக்கும்.

இந்த மூன்றும் யோசிக்காமல் வாயில் வரும்வரை அடுத்ததற்குப் போகவேண்டாம். எவ்வளவு நாள் ஆனாலும் சரி. அன்றாடப் பேச்சில் 'லுக்' வரும் இடங்களில் பெரும்பங்கை இவையே தாங்கிவிடும்.

திசையைக் கண்ணால் பாருங்கள்

மற்றவற்றை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. சின்னச் சொல் காட்டும் திசையில் கண்ணைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலான பொருள் அங்கேயே கிடைக்கும்.

மேலே அண்ணாந்து பார்க்கிறோம். ஒருவரை நம்மைவிட உயரத்தில் வைத்துப் பார்த்தால் அது மரியாதை, 'லுக் அப் டு'. குனிந்து கீழே பார்த்தால் இளக்காரம், 'லுக் டவுன் ஆன்'. மட்டமாகப் பார்க்கிறான், தாழ்வாகப் பார்க்கிறான் என்று நாமும் அதே திசையைத்தான் காட்டுகிறோம். திரும்பிப் பார்த்தால் பழைய நாட்கள், 'லுக் பேக் ஆன்'. ஒரு வேலையாகப் போகிறவழியில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவது 'லுக் இன் ஆன்'. நம்முடைய 'எட்டிப் பார்' இந்தப் பொருளில் வரும்போது அதேதான். ஆனால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்ப்பதற்கு இது பொருந்தாது. ஒன்றில் தலையிடாமல் நின்று வேடிக்கை பார்ப்பது 'லுக் ஆன்'. அப்படி நிற்பவர் 'ஆன்லுக்கர்'.

'லுக் அவுட்' எனக்கு மிகவும் பிடித்தது. படியில் ஒருவர் தடுக்கி விழப்போகிறார் என்றால் நாம் என்ன கத்துவோம்? 'பார்த்து! பார்த்து!' அதேதான். இரண்டு மொழியும் ஆபத்து நேரத்தில் பார்க்கச் சொல்லித்தான் கத்துகின்றன. 'லுக் அவுட் ஃபார்' என்று 'ஃபார்' சேர்த்தால், எதைக் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டுமோ அது பின்னால் வரும். ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பதை பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'லுக் அவுட் ஆஃப் த விண்டோ' என்பார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'ஆஃப்'பை விட்டுவிடுவார்கள். இரண்டும் சரிதான்.

'லுக் இன்டு' என்றால் உள்ளே பார்ப்பது. பெட்டிக்குள் பார்க்கலாம், ஒரு புகாருக்குள்ளும் பார்க்கலாம். குறையைச் சொல்லிக்கொண்டு வரும் ஒருவரிடம், சரி, என்னவென்று பார்க்கிறேன் என்போமே, அது 'ஐ வில் லுக் இன்டு இட்'. 'ஐ வில் சீ இட்' என்றால் அந்தப் பொருள் வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்லவேண்டும், அது பேச்சுக்கும் உதவும். 'லுக்' பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சொல், அப்போது 'லோகியன்' என்று இருந்தது. 1066ல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபிறகு சட்டம், ஆட்சி, படிப்பு ஆகியவற்றுக்கெல்லாம் பிரெஞ்சு, லத்தீன் வழிச் சொற்கள் காலப்போக்கில் வந்து குவிந்தன. அதனால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்குப் பல நேரம் இரண்டு சொல் இருக்கும். வீட்டில் புழங்குவது ஒன்று, ஆவணத்தில் எழுதுவது ஒன்று. 'லுக் இன்டு'வுக்கு ஜோடி 'இன்வெஸ்டிகேட்'. 'லுக் டவுன் ஆன்' என்பதற்கு 'டிஸ்பைஸ்' கிட்டத்தட்ட ஜோடி. நாம் பாடப்புத்தகத்தில் பெரிய சொற்களையே முதலில் படித்துவிடுவதால் பேச்சிலும் அவையே வருகின்றன. என் பில்லை 'இன்வெஸ்டிகேட்' செய்யுங்கள் என்று கேட்டால் ஏதோ குற்ற விசாரணை நடக்கிறது என்று தோன்றும். பேச்சில் சின்னச் சொல் சேர்ந்த வினை, முறையான அறிக்கையில் பெரிய வினை என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சின்னச் சொல்லோடு சேர்ந்து புதுப் பொருள் தரும் வினைக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்று பெயர். லோகன் பியர்சால் ஸ்மித் 1925ல் வெளியிட்ட ஒரு நூல் வழியாக அந்தப் பெயர் பரவியது. வழக்கு மிகப் பழையது, பெயர்தான் புதிது.

'லுக் த்ரூ' என்றால் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பது. 'லுக் ஓவர்' என்றால் கொடுப்பதற்குமுன் ஒருமுறை மேலாகப் பார்த்துவிடுவது. கவனம், சின்னச் சொல் முன்னால் போய் ஒட்டிக்கொண்டால் கதை மாறிவிடும். 'ஓவர்லுக்' என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவது, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பொருள். கடிதத்தை 'லுக் ஓவர்' செய்தேன் என்றால் பார்த்தேன், பிழையை 'ஓவர்லுக்' செய்தேன் என்றால் பார்க்கத் தவறினேன். 'ஓவர்சீ' இன்னொரு வகை. 'ஓவர்' மேல், 'சீ' பார், சேர்ந்தால் நம் மேற்பார்வை. இப்படித் தமிழோடு நூல்பிடித்ததுபோல் பொருந்தும் சொல் கிடைக்கும்போதெல்லாம் நோட்டில் குறித்து வையுங்கள்.

'இட்' எங்கே நிற்கும்?

'லுக் அப்' என்றால் அகராதியிலோ இணையத்திலோ தேடி எடுத்துப் பார்ப்பது. இதில் ஒரு புது விஷயம் இருக்கிறது. 'லுக் அப் த வேர்ட்' என்றும் சொல்லலாம், 'லுக் த வேர்ட் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' போட்டால் அது நடுவில்தான் நிற்கும்: 'லுக் இட் அப்'. 'லுக் அப் இட்' தவறு.

மற்றவற்றில் இப்படி நடுவில் நுழைய முடியாது. 'லுக் அட் இட்', 'லுக் ஃபார் இட்', 'லுக் ஆஃப்டர் இட்', 'லுக் இன்டு இட்', 'லுக் த்ரூ இட்' எல்லாவற்றிலும் 'இட்' கடைசியில்தான். நல்ல வேளையாக, 'லுக்' குடும்பத்தில் இப்படிப் பிரிவதில் நீங்கள் அடிக்கடி பயன்படுத்தப்போவது இரண்டுதான், 'லுக் அப்' ஒன்று, 'லுக் ஓவர்' இன்னொன்று. 'லுக் இட் அப்', 'லுக் இட் ஓவர்'. இந்த இரண்டையும் தனியாக வைத்துக்கொண்டால் மிச்சத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதும் வேறுபடும். 'லுக் அட் இட்' சொல்லும்போது குரல் 'லுக்'கில் ஏறும். 'லுக் இட் அப்' சொல்லும்போது 'அப்'பில் ஏறும். உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வந்துள்ள அகராதிகளில் 'லுக்' என்ற சொல்லுக்குக் கடைசியில் இந்தச் சேர்க்கைகள் எல்லாம் தனியாகத் தரப்பட்டிருக்கும். அவற்றில் பலவற்றில், பிரியக்கூடியவற்றுக்கு நடுவில் இரண்டு பக்கமும் முனையுள்ள அம்புக்குறி போட்டிருப்பார்கள். இருபுறமும் நகரலாம் என்று அதற்கு அர்த்தம். அம்பு இல்லையென்றால் பிரிக்காதீர்கள். இதே 'லுக் அப்' வேறு இரண்டு இடத்திலும் வரும். நிலைமை தேறிவருகிறது என்பது 'திங்ஸ் ஆர் லுக்கிங் அப்', மரியாதைக்கு முன்பு சொன்ன 'லுக் அப் டு'. குழம்பவேண்டாம். பின்னால் பொருள் இருக்கிறதா, 'டு' இருக்கிறதா, எதுவும் இல்லையா என்று பார்த்தாலே எந்த 'லுக் அப்' என்று தெரிந்துவிடும்.

'லுக் ஃபார்வர்ட் டு'

மின்னஞ்சல் எழுதுகிற எல்லாருக்கும் இது தேவை, எழுதுகிறவர்களில் மிகப் பலர் தவறுவதும் இங்கேதான். உங்களைச் சந்திக்க ஆவலோடு காத்திருக்கிறேன் என்பதற்கு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதிவிடுகிறார்கள். சரியானது 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'.

காரணம் எளிது. 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் வரும் 'டு' வினையைச் சேர்ந்தது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் வரும் 'டு' பிரிப்பொசிஷன், அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரவேண்டும். வினையைப் பெயராக்கத்தான் 'இங்' சேர்க்கிறோம். சந்திக்க என்பதைச் சந்திப்பது என்று ஆக்குவதுபோல. சந்தேகம் வந்தால் வினையை எடுத்துவிட்டு ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடே' பொருந்துகிறது, ஆகவே 'இங்'. 'ஐ வான்ட் டு த ஹாலிடே' பொருந்தவில்லை, ஆகவே 'இங்' வேண்டாம். அலுவலகக் கடிதத்தில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்று முடிப்பது முறை. நண்பருக்கு எழுதும்போது 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு' இன்னும் நெருக்கமாக ஒலிக்கும்.

எதிர்பார் என்பதை உடைத்தால் எதிர், பார். முன்னால் வருவதை நோக்கிப் பார்ப்பது, 'லுக் ஃபார்வர்ட்' மாதிரியேதான். ஆனால் அளவு வேறு. நாம் நல்லதையும் எதிர்பார்ப்போம், கெட்டதையும் எதிர்பார்ப்போம். 'லுக் ஃபார்வர்ட் டு' மகிழ்ச்சியோடு காத்திருப்பதற்கு மட்டும். பலத்த மழையால் சேதம் வரும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதற்கு இதைப் போட்டுவிட்டால் சேதத்துக்காக ஆசையோடு காத்திருப்பதாகிவிடும். அங்கே 'எக்ஸ்பெக்ட்'.

சின்னச் சொல் தேவையில்லாத இடம்

ஒருவரின் தோற்றத்தைச் சொல்லும்போது 'லுக்' தனியாக நிற்கும். களைப்பாகத் தெரிகிறீர்கள் என்பது 'யூ லுக் டயர்ட்'. இங்கே 'யூ லுக் லைக் டயர்ட்' என்று சொல்லக்கூடாது. பின்னால் பெயர்ச்சொல் வந்தால்தான் 'லைக்' வேண்டும்: 'யூ லுக் லைக் யுவர் ஃபாதர்', அப்பா சாயல் தெரிகிறது.

நோட்டில் ஏற்றுவது

ஒரு பக்கத்தின் நடுவில் பார் என்று எழுதி, நீங்கள் வீட்டிலும் வேலையிலும் உண்மையாகச் சொல்கிற 'பார்' வாக்கியங்களை மட்டும் சுற்றிலும் எழுதுங்கள். நேற்று என்னென்ன சொன்னீர்கள் என்று யோசித்தாலே பத்துக்குமேல் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது 'சீ'யா, 'வாட்ச்'சா, 'லுக்'கா என்று குறியுங்கள். 'லுக்' என்று வந்தவற்றுக்கு மட்டும் சின்னச் சொல்லைத் தேடிச் சேர்த்து முழு வாக்கியமாக எழுதுங்கள். 'லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்' என்று பொருள் எழுதி வைக்காதீர்கள், அது பழைய பட்டியலாகவே போய்விடும். உங்கள் வீட்டுக் குழந்தை, உங்கள் பை, உங்கள் அம்மா என்று வாக்கியத்தில் ஆளும் பொருளும் இருக்கட்டும். எழுதியதைக் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். 'அட்', 'ஃபார்' விழுந்துவிட்டதா என்று உங்கள் காதே சொல்லிவிடும். ஒருநாளைக்கு ஒரே ஒரு சேர்க்கை போதும், அதில் ஐந்து வாக்கியம். ஐந்தில் ஒன்று கேள்வியாக இருக்கட்டும், கடைசியில் சின்னச் சொல் நிற்கிற பழக்கம் அப்போதுதான் வரும்.

இந்த ஏழு வாக்கியங்களையும் கீழே பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். என்ன தேடுகிறாய்? நீ இல்லாதபோது நாயை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்த எண் தெரியாது, எடுத்துப் பார்க்கிறேன். உங்களோடு வேலை செய்யப்போவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். தாத்தாவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வா. எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை வரும்போல் இருக்கிறது.

விடைகள், அதே வரிசையில். 'வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?' 'ஹூ லுக்ட் ஆஃப்டர் த டாக் வைல் யூ வேர் அவே?' 'ஐ டோன்ட் நோ த நம்பர், ஐ வில் லுக் இட் அப்.' 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு வொர்க்கிங் வித் யூ.' 'கோ அண்ட் லுக் இன் ஆன் கிராண்ட்பா.' 'எவ்ரிபடி ஸ்டுட் தேர் லுக்கிங் ஆன்.' 'இட் லுக்ஸ் லைக் ரெயின்.' கடைசி வாக்கியத்தில் 'ரெயின்' பெயர்ச்சொல்லாக வருகிறது, அதனால்தான் 'லைக்'. மூன்றாவதில் 'இட்' நடுவில் நின்றதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்காவதில் 'வொர்க்' என்று சொல்லியிருந்தால் பெயரை வைத்துப் பார்க்கும் சோதனையைத் திரும்பவும் செய்யுங்கள்.